பங்குனியும் சித்திரையும்: பாம்பன் தீவிலிருந்து வடக்கே புறப்படும் பறவைகளைக் கவனிப்பது எப்படி?

பாம்பன் தீவிலும் அதற்கு எதிர்க்கரையில், இலங்கையிலுள்ள மன்னார் தீவிலும் பங்குனி, சித்திரை மாதங்கள் பறவைகள் வந்துசேரும் காலமல்ல. அவை கிளம்பிச் செல்லும் காலம். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வாழ்பவர்களுக்கு இளவேனில் வலசை ஒரு வரவேற்பு என்றால், நமக்கு அது வழியனுப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஏப்ரலில் தனுஷ்கோடிக்குச் செல்பவர்கள், "சீசன் முடிந்துவிட்டது, ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மையில், ஆண்டு முழுவதிலும் கவனிக்கத்தக்க சில வாரங்களை அவர்கள் தவறவிடுகிறார்கள்.

புதிதாக வந்திறங்கிய பறவையை ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம். ஆனால் ஒரு கூட்டம் போய்விட்டது என்பது, நேற்று அங்கே எத்தனை இருந்தன என்று அறிந்தவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே இளவேனில் பறவை நோக்கலின் அடிப்படை விதி, பல இடங்களுக்கு ஒருமுறை செல்வதைவிட ஓரிரு இடங்களுக்குப் பலமுறை செல்வதே. மார்ச் முதல் வாரத்தில் தொடங்கி மே நடுப்பகுதிவரை, வாரத்துக்கு ஒருமுறையேனும் அதே இடத்தில், கடல்நீர் அதே நிலையில் இருக்கும்போது நின்று பாருங்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இது இயலாதெனில், மார்ச் பிற்பகுதியில் ஒரு பயணமும் ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு பயணமும் வைத்துக்கொள்வது, இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதைவிட மிகுந்த பயன் தரும்.

இடமும் கடலும்

பாம்பன் தீவின் தென்கிழக்கு முனை, நாளடைவில் ஒடுங்கி ஒரு மணல் நாக்காக நீண்டு அரிச்சல்முனையில் முடிகிறது. அதன் ஒரு புறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. அமைதியான பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இப்பகுதி மக்கள் சொல்வதுண்டு. இந்த அமைதி நிரந்தரமானதல்ல. வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். மார்ச்சும் ஏப்ரலும் இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால், இரு கரைகளிலும் சேற்றுத் தரைகளையும் மணல் திட்டுகளையும் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால், அரிச்சல்முனைவரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது. வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமற்ற உப்புநீர்ப் பரப்புதான் பூநாரைகள் கூடும் இடம். தனுஷ்கோடிப் பகுதியில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் நிலத்தைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் அறிவித்தது. கோடை ஏற ஏற இந்த நீர்ப்பரப்பு சுருங்கும். பூநாரைகளும் கலைந்து செல்லும். நீர் எந்த அளவுக்கு வற்றியிருக்கிறது என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். பறவைகள் வலசைக்காகப் போனவையா, நீர் இல்லாமல் பக்கத்து இடத்துக்கு நகர்ந்தவையா என்ற கேள்விக்கு அந்தக் குறிப்புதான் பின்னாளில் விடை சொல்லும்.

இங்கே கடல்நீரின் ஏற்ற இறக்கத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கடற்கரையில் காண்பதைப்போல நீர் வெகுதூரம் பின்வாங்காது. ஆயினும் தரை மிகத் தட்டையாக இருப்பதால், ஒரு சாண் நீர் இறங்கினாலே பரந்த மேய்ச்சல் வெளி வெளிப்படுகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக வற்றும், அதிகமாகப் பெருகும். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் இரைக்காகச் சிதறிக் கிடக்கும். பெருகத் தொடங்கியதும் எஞ்சியிருக்கும் மேட்டுத் திட்டில் நெருக்கமாகக் கூடும். இனங்களை அடையாளம் காண வற்றுநீரும், எண்ணிக்கை எடுக்கப் பெருக்குநீரும் உகந்தவை. வற்றும் பெருக்கும் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், "காலை ஏழு மணி" என்று கடிகாரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள். கடலை வைத்துத் திட்டமிடுங்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் நிறுவனம் ஓத முன்கணிப்புகளை வெளியிடுகிறது. ஆனால் பலத்த காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளினால் அந்தக் கணக்கும் பிசகும். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ கரைவலை இழுப்பவர்களிடம் இன்று நீர் எப்போது வற்றும் என்று கேட்பது, எந்த அட்டவணைக்கும் குறைந்ததல்ல.

வெளிச்சத்தையும் இப்படியே கணக்கில் கொள்ள வேண்டும். அரிச்சல்முனைச் சாலை தென்கிழக்காகச் செல்வதால், காலையில் முனையை நோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் வெயில் கண்ணில் அடிக்கும். பறவைகள் வெறும் கரிய உருவங்களாகத் தெரியும். நிற்காமல் முனைவரை சென்றுவிட்டு, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒவ்வோரிடமாக நின்று திரும்பி வாருங்கள். ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்குமேல் மணலிலிருந்து எழும் கானல் காட்சியைக் கலைத்துவிடும். அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியாலும் தூரத்து உள்ளானின் அலகு வளைவைத் தீர்மானிக்க முடியாது. பொதுமக்களை அந்தச் சாலையில் எந்நேரம்வரை அனுமதிக்கிறார்கள் என்பதை முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. கையில் 8x42 அல்லது 10x42 இருநோக்கி போதுமானது. ஆனால் கரைப்பறவைகளை விலகி நின்று பார்ப்பதற்கு, முக்காலியில் பொருத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ஒன்று குழுவுக்காவது இருக்க வேண்டும்.

இறகு சொல்லும் செய்தி

குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக, ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாமல் நம்மைத் திணறடித்த பறவைகள் மார்ச்சிலிருந்து நிறம் மாறத் தொடங்குகின்றன. புதிதாகப் பறவை நோக்கக் கற்பவர்களுக்கு ஜனவரியைவிட ஏப்ரல் நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். வளைமூக்கு உள்ளானின் கழுத்தும் வயிறும் செங்கல் நிறமாகும். முதலில் அங்கங்கே சிவப்புத் திட்டுகளாகத் தொடங்கி, ஓரிரு வாரங்களில் உடல் முழுவதும் பரவும். சாம்பல் உப்புக்கொத்தியின் முகமும் மார்பும் வயிறும் கருத்து, அதன் ஓரத்தில் அகன்ற வெள்ளைப் பட்டை தோன்றும். பொன்னிற உப்புக்கொத்திக்கும் இதுபோன்ற கருமை வரும் என்பதால், ஐயம் எழுந்தால் அது பறக்கும்வரை பொறுத்திருங்கள். பறக்கும்போது இறக்கையின் அடியில், உடலோடு சேருமிடத்தில் கரும்புள்ளி தெரிந்தால் அது சாம்பல் உப்புக்கொத்தி. இந்த அடையாளம் எல்லாப் பருவத்திலும் மாறாது.

கல்திருப்பி உள்ளான் முதுகில் செம்பழுப்பும் முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோலமுமாக மாறிவிடும். மூக்கன்களில் இரு இனங்களைப் பிரித்தறிய இதுவே ஏற்ற காலம். பட்டைவால் மூக்கனின் ஆணில் சிவப்பு வயிற்றின் அடிவரை இடைவெளியின்றிச் செல்லும். கருவால் மூக்கனில் அது மார்போடு நின்று, வயிற்றில் கரும்பட்டைகள் குறுக்காக ஓடும். சிறு மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்பழுப்புப் பட்டையும் கண்ணைச் சுற்றிக் கரிய முகமூடியும் வரும். இந்தப் பறவையை அண்மை ஆண்டுகளில் திபெத்திய இனம், சைபீரிய இனம் என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நம் கரையில் பெரும்பாலும் காண்பது திபெத்திய இனமே; அது லடாக், திபெத் போன்ற உயர் பீடபூமிகளில் முட்டையிடுகிறது. ஒரே திட்டில் அதன் அருகே மேயும் வளைமூக்கு உள்ளானோ ஆர்க்டிக் சைபீரியாவின் மரமற்ற தூந்திர வெளிக்குப் போக வேண்டியது.

எல்லாப் பறவைகளும் நிறம் மாறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். முந்தைய ஆண்டு பிறந்த இளம் பறவைகள் பல, முதல் கோடையில் வடக்கே செல்லாமல் இங்கேயே தங்கிவிடும். அவற்றின் இறகு மங்கலாகவே இருக்கும். ஆகவே குறிப்பேட்டில் "வளைமூக்கு உள்ளான், 200" என்று எழுதி நிறுத்தாமல், கூட்டத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதில் எத்தனை முழு நிறத்தில், எத்தனை பாதி நிறத்தில், எத்தனை நிறமின்றி இருக்கின்றன என்று எழுதுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் முழுச் சிவப்புப் பறவைகளின் பங்கு கூடி, பிறகு திடீரெனச் சரிந்து, மங்கலானவை மட்டும் எஞ்சும். அந்தச் சரிவுதான் புறப்பாடு. சாதாரண ஆர்வலர் ஒருவர் தம் குறிப்பேட்டைக் கொண்டே வலசையை இவ்வளவு தெளிவாகக் காண முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகிறது.

நண்டு உப்புக்கொத்தி இந்தப் பொதுப்போக்குக்கு விலக்கு. வெள்ளை உடலும் கரிய முதுகும் தடித்த கரிய அலகும் கொண்ட இப்பறவை வடக்கே பனிநாட்டுக்குச் செல்வதில்லை. அரபிக்கடலையும் செங்கடலையும் ஒட்டிய வெப்பமான மணற்கரைகளில் வளை தோண்டி, அதற்குள் முட்டையிடுகிறது. அது இங்கிருந்து மறையும் நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

புறப்படும் மாலை

நீண்ட பயணத்துக்கு முன் கரைப்பறவைகள் ஓயாமல் உண்டு கொழுப்பைச் சேர்க்கின்றன; சில இனங்கள் தம் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்கின்றன. ஏப்ரலில் பார்க்கும் உள்ளானின் வயிறு பின்புறம் தொங்கினாற்போல் உருண்டு தெரிவது இதனால்தான். இதை உணர்ந்தால், ஏன் அவற்றைக் கலைக்கக் கூடாது என்பது தானே விளங்கும். படம் எடுப்பதற்காக ஒருவர் கூட்டத்தை ஒருமுறை எழுப்பினால், அவை இரை எடுக்கும் நேரத்தையும் இழக்கின்றன, சேர்த்த கொழுப்பையும் செலவிடுகின்றன. மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்திப் பார்ப்பதே முதல் எச்சரிக்கை. அப்போதே நின்றுவிடுங்கள்; அவை மீண்டும் தலை கவிழ்ந்து மேயத் தொடங்காவிட்டால் பின்வாங்குங்கள். ட்ரோன் பறக்கவிடுவதையும், மணலில் வண்டி ஓட்டுவதையும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பதையும் இந்த மாதங்களில் முற்றிலுமாகத் தவிர்க்க வேண்டும்.

கரைப்பறவைகள் பெரும்பாலும் மாலையில், சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து இருட்டும் நேரத்துக்குள் கிளம்புகின்றன. நீர் பெருகும் நேரமும் அதனோடு கூடினால் வாய்ப்பு அதிகம். தெற்கிலிருந்து மிதமான காற்று வீசும் தெளிந்த மாலையைத் தேர்ந்தெடுங்கள். கலைந்து பறக்கும் கூட்டத்தையும் பயணம் கிளம்பும் கூட்டத்தையும் பிரித்தறிவது கடினமன்று. கலைந்த கூட்டம் தாழ்வாக வட்டமிட்டு அருகிலேயே இறங்கும். கிளம்பும் கூட்டத்திலோ முதலில் அமைதியின்மை தெரியும். பறவைகள் இடைவிடாது குரல் கொடுக்கும். நீராடி இறகு கோதும். பிறகு சிறு கூட்டமாக எழுந்து, சுற்றிச் சுற்றி உயரம் ஏறி, சாய்ந்த வரிசையாகவோ அம்பு முனை வடிவிலோ அணிவகுத்து, திரும்பாமல் ஒரே திசையில் செல்லும். சில பறவைகள் பாதி உயரத்திலிருந்து பிரிந்து மீண்டும் கரைக்கே வந்துவிடுவதும் உண்டு. நேரம், இனம், எண்ணிக்கை, திசை, காற்று ஆகிய ஐந்தையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். அரிச்சல்முனையில் மாலை தங்க முடியாதெனில், கோதண்டராமர் கோயில் நீர்ப்பரப்பின் ஓரமோ, பெருநிலப் பக்கம் பிள்ளைமடம் உப்பங்கழியோ இதற்கு ஏற்றவை.

கடற்காகங்கள் சற்று வேறு வழக்கம் உடையவை. மீன்பிடித் துறைகளைச் சுற்றிக் குளிர்காலம் முழுவதும் கூடும் ஹியூக்ளின் கடற்காகங்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஏப்ரலில் வெகுவாகக் குறைந்துவிடும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஹியூக்ளின் கடற்காகங்கள், 2021 இளவேனிலில் இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் யமல் தீபகற்பத்தை அடைந்தன. 7,000 கி.மீ.க்கு மேற்பட்ட பயணம் அது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை இருப்பதால், அதன்பின் துறைகளில் கழிவுமீனும் குறைகிறது. தடை தொடங்குவதற்கு முன்பே துறைமுகக் கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள். இல்லையெனில் எண்ணிக்கை குறைந்தது வலசையாலா, இரை இன்மையாலா என்று சொல்ல முடியாது.

எண்ணுவதும் பதிவதும்

பெரிய கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்டு, அதே அளவால் நூறையும், நூறால் முழுக் கூட்டத்தையும் அளக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஒருமுறையும் வலமிருந்து இடமாக ஒருமுறையும் அளந்தால் பிழை குறையும். பின்னர் சரிபார்க்க ஒரு படம் எடுத்துவைக்கலாம். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிவோர், பார்த்த இனங்கள் அனைத்தையும் எண்ணிக்கையோடு சேர்த்த முழுப் பட்டியலாகவே பதிவிட வேண்டும். முழுப் பட்டியலில் ஓர் இனம் இல்லையென்றால், அது அன்று தென்படவில்லை என்ற செய்தியும் பதிவாகிவிடுகிறது. புறப்பாட்டை ஆராய்பவர்களுக்கு அந்த "இல்லை"தான் விலைமதிப்புள்ளது. மே மாதத்தில் நடக்கும் உலகப் பறவை நாள் கணக்கெடுப்பில் பாம்பன் தீவிலிருந்து பட்டியல் அனுப்புவது, எஞ்சியிருக்கும் பறவைகளை ஆவணப்படுத்த நல்ல வாய்ப்பு.

கால்களையும் பாருங்கள். கோடியக்கரையிலும் மண்டபம் பகுதியிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வந்திருக்கிறது. வேறு நாடுகளில் வளையமிடப்பட்ட பறவைகளும் இவ்வழியே வரலாம். வளையமோ, காலில் மாட்டிய சிறு வண்ணக்கொடியோ தெரிந்தால், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் மேலே எந்த நிறம் கீழே எந்த நிறம், எழுத்தோ எண்ணோ உண்டா என்பவற்றைக் குறித்து, தெளிவற்றதாயினும் ஒரு படத்தோடு கழகத்துக்குத் தெரிவியுங்கள். எழுத்தை வாசிப்பதற்காக நெருங்கிப் பறவையை விரட்ட வேண்டாம். கொடியின் நிறமும் அது இருக்கும் இடமும் மட்டுமே தெரிந்தாலும், வளையமிட்ட நாட்டை அறிய அது உதவும்.

கரைப்பறவைகளில் மூழ்கியிருக்கும்போது தரைப்பறவைகளை மறந்துவிடக் கூடாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்துக்கு மணல் திட்டுகள் தொடராக இருப்பதால், இலங்கையில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகளுக்கு இது இயல்பான வழி. மார்ச், ஏப்ரலில் தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் கடல் மேலிருந்து வந்து வடமேற்காகச் செல்வதைக் காலைநேரத்தில் காணலாம். இரவில் கோடைமழை பெய்திருந்தால், விடிந்ததும் உடைமரங்களின் நிழலையும் சவுக்குத் தோப்புகளையும் தேடிப் பாருங்கள். ஆறுமணிக்குருவி, காட்டு வாலாட்டி போன்ற காட்டுப்பறவைகள் அங்கே இளைப்பாறிக்கொண்டிருக்கக்கூடும்.

தீவுகளுக்குள் செல்ல நினைப்பவர்களுக்கு

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அவற்றில் இரண்டு ஏற்கெனவே கடலில் அமிழ்ந்துவிட்டன. மனோலித் தீவும் முயல் தீவும் கரைப்பறவைகளுக்குப் பெயர்பெற்றவை; ஆனால் வனத்துறையின் அனுமதியின்றி எந்தத் தீவிலும் கால் வைக்கக் கூடாது. வனத்துறை நடத்தும் படகுப் பயணம் இருந்தால் அதில் செல்லலாம். மீனவர் ஒருவருக்குப் பணம் கொடுத்துத் தனியே செல்வது சட்டத்துக்குப் புறம்பானது. பிடிபட்டால் அவருடைய வாழ்வாதாரமே பாதிக்கப்படும். அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளையும் கரையிலிருந்தே பாருங்கள். அத்தொடரின் நடுவே பன்னாட்டுக் கடல் எல்லை செல்கிறது. இலங்கைப் பக்கத்துத் திட்டுகள் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. இளவேனில் முடிவிலிருந்து அங்கே பெரிய கொண்டை ஆலா, பழுப்பு நாடி ஆலா உள்ளிட்ட கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. மனிதக் காலடி பட்டால் தாய்ப்பறவைகள் எழுந்துவிடும். வெயிலில் முட்டைகள் சில நிமிடங்களில் கெட்டுவிடும். மே இறுதியில் கச்சான் வலுத்து வீசும் நாட்களில், ஆழ்கடல் ஆலாக்கள் சில வளைகுடாக் கரையோரம் ஒதுங்குவதுண்டு. கரையில் நின்றே அவற்றைப் பார்க்கலாம்.

மன்னார் தீவில் நோக்குபவர்களுக்கு 2010இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற வங்காலை சரணாலயமே முதல் இடம். பெருநிலத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் தாம்போதியின் (நீர்ப்பரப்பின் நடுவே செல்லும் சாலையின்) இருபுறமும் காலையில் நின்றால், சாலையை விட்டு இறங்காமலேயே பட்டியலை நிரப்பிவிடலாம்.

எல்லாம் புறப்பட்ட பிறகும் கரையில் ஓடித் திரியும் சிறிய உப்புக்கொத்தி ஒன்று உண்டு. வடக்கிலிருந்து வரும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாக நெடுங்காலம் கருதப்பட்ட அது, மன்னார்ப் பகுதியில் செய்த ஆய்வின் அடிப்படையில் 2023இல் அனுமன் உப்புக்கொத்தி என்ற தனி இனமாக ஏற்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழும் இப்பறவை, வலசைப் பறவைகள் கிளம்பும் இதே மாதங்களில் உயர்நீர்க் கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலிலும் சிப்பி ஓடுகளுக்கிடையிலும் சிறு குழி பறித்து முட்டையிடுகிறது. முட்டையும் மணலும் ஒரே நிறம். ஆகவே ஏப்ரல் முதல் கடற்கரையில் நடக்கும்போது, காய்ந்த மணலைத் தவிர்த்து அலை நனைத்த ஈர மணலில் மட்டும் நடந்து செல்லுங்கள். ஒரு பறவை இறக்கையைத் தொங்கவிட்டு நொண்டுவதுபோல் உங்கள் முன்னே ஓடினால், கூடு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அதைத் தேட முனையாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிடுங்கள். கூட்டின் இருப்பிடத்தைப் பொதுவெளியில் எங்கும் பகிராதீர்கள்.